மரக்கவிகளும் சோலைமந்தியும்

காட்டைக் காப்பாற்ற விஞ்ஞானிகளும் கலைஞர்களும் கைகோத்தார்கள் என்று யாராவது பேசத் தொடங்கினால் அடுத்த வாக்கியம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. விஞ்ஞானி விவரத்தைக் கொடுத்தான், கவிஞன் அதற்கு உணர்ச்சியை ஊட்டினான், ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீடு இரு தரப்புக்கும் வசதியானது. தன் அறிக்கையை எவரும் படிக்கவில்லையே என்று விஞ்ஞானி கவலைப்பட வேண்டியதில்லை. படிக்க வைப்பது கவிஞன் வேலை. கவிஞனும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்துகொள்வது விஞ்ஞானி வேலை. இந்தச் சூத்திரத்துக்குச் சான்றாக நம் பக்கத்தில் எப்போதும் காட்டப்படுவது கேரளத்தின் சைலண்ட் வேலி. ஒரு காடு உண்மையிலேயே காப்பாற்றப்பட்ட இடம் அது. ஆகையால் தோற்றுப்போன முயற்சியைக் குறைசொல்லும் சுகம் இதில் இல்லை. ஜெயித்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியின் தென்மேற்குச் சரிவில், குந்திப்புழை ஓடும் மழைக்காடு அது. ஆற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்தது. நீரில் மூழ்கவிருந்தது சுமார் 830 ஹெக்டேர். காட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு தேறாது. திட்டத்தின் ஆதரவாளர்கள் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் அணை என்றால் தண்ணீர் மட்டும் வருவதில்லை. ரோடு வரும், லாரி வரும், வருஷக்கணக்கில் தங்கி வேலைசெய்யும் ஆயிரக்கணக்கான ஆட்களின் அடுப்புக்கு விறகு வேண்டியிருக்கும். மூழ்காத ஒன்பது பங்கும் மூழ்கும் ஒரு பங்கோடு போய்விடும் என்பதே எதிர்த்தவர்களின் கணக்கு.

இந்தக் காட்டில் சோலைமந்தி இருக்கிறது. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். தரையில் அதிகம் இறங்காது. கிளை வழியாகவே மரத்துக்கு மரம் போகும். குலேனியா என்ற மரத்தின் முள் நிறைந்த காயைப் பிளந்து விதையைத் தின்னும். மரங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அதன் உலகம் அங்கே முடிந்துவிடுகிறது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது காட்டில் கிடையாது. 1970களில் ஸ்டீவன் கிரீன் என்ற அமெரிக்க விஞ்ஞானி நம் தென்கோடி மலைக்காடுகளில் இதை ஆராய்ந்து, மிச்சமிருப்பவை மிகக் கொஞ்சம் என்று எழுதினார். நெல்லை மாவட்டக் களக்காட்டுக் காடு 1976இல் இந்தக் குரங்கை முன்னிட்டே சரணாலயம் ஆயிற்று. ஆக இது மலையாளத்துக் குரங்கு மட்டும் அல்ல.

திட்டம் வெளியே தெரிந்ததும் முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர். 1976இல் ஜாஃபர் ஃபதேஹல்லி தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. குழு, திட்டத்தைக் கைவிட வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், கைவிட முடியாது போனால் பின்பற்ற வேண்டிய நிபந்தனைகள் என்று ஒரு பட்டியலையும் சேர்த்தது. அரசாங்கம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. நிபந்தனைகளை நிறைவேற்றுகிறோம் என்று 1979இல் ஒரு சட்டமே போட்டுவிட்டு அணையைத் தொடரப் பார்த்தது. இலக்கிய விமர்சனம் படித்த எவனுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு வாக்கியத்தின் பின்பாதி முன்பாதியைத் தின்றுவிட முடியும். விஞ்ஞானியின் நிதானம், தான் பேசும் மொழி எங்கே போய் விழும் என்பதை யோசிக்காத நிதானமாக இருந்துவிட்டது. கவிஞர்கள் அந்த மேஜையருகே உட்கார்ந்திருக்க வேண்டிய தருணம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர்களை யாரும் அழைக்கவில்லை. அவர்கள் பிற்பாடு, மேடை போட்ட பிறகு வந்தார்கள்.

மலையாளத்தில் இந்தச் சந்திப்புக்கு ஏற்கனவே ஒரு களம் இருந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் தோன்றியபோது அது விஞ்ஞானத்தை மலையாளத்தில் எழுதுகிறவர்களின் சங்கம். பெயரிலேயே சாகித்யம் இருக்கிறது. அதிலிருந்த தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் பத்திரிகைகளில் எழுதி இந்தக் காட்டைப் பொதுப் பேச்சாக்கினார். கட்சிகள் எல்லாம் திட்டத்தின் பக்கம் நின்றன. சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பரிஷத்துக்குள்ளேயும் சண்டை நடந்தது. அந்த நிலையில்தான் எழுத்தாளர்கள் வந்தார்கள். திருவனந்தபுரத்தில் பிரகிருதி சம்ரக்ஷண சமிதி ஏற்பட்டது. கவி சுகதகுமாரி அதன் செயலாளர். என்.வி. கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்ப பணிக்கர் என்று வெவ்வேறு வயதும் கொள்கையும் கொண்டவர்கள் ஒரே மேடையில் காட்டைப் பற்றிக் கவிதை படித்தார்கள். கல்லூரியிலும் தெருவிலும் படித்தார்கள். எதிராளிகள் இவர்களுக்கு வைத்த பெயர் மரக்கவிகள். குரங்கு பெரிதா, மனுஷன் பெரிதா என்றும் கேட்டார்கள். அந்த வசையை ஒரு பட்டமாக ஏற்றுக்கொண்டு அவர்கள் தொடர்ந்து படித்ததை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

இங்கே நான் யார் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். நம் சிறுபத்திரிகைகளில் கலை கலைக்காகவா மக்களுக்காகவா என்று நடந்த நீண்ட சண்டையில் நான் பிரச்சாரக் கவிதையை ஏற்காத அணியில் வளர்ந்தவன். முன்பே தீர்மானித்துவிட்ட ஒன்றைச் சொல்ல வரும் கவிதை, எழுதப்படும்போது எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பது எங்கள் வாதம். சைலண்ட் வேலி இந்த வாதத்துக்கு ஒரு நேரடிச் சவால். கவிதை தெருவுக்குப் போனது, காடு பிழைத்தது. இதற்குமேல் கவிதையிடம் என்ன கேட்கிறாய் என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்வி பல நாட்கள் என்னை விடவில்லை. மலையாளத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவன் என்ற என் குறையையும் கணக்கில் வைத்துக்கொண்டு அந்தக் கவிதைகளைத் திரும்பப் படித்தேன்.

சுகதகுமாரியின் 'மரத்தினு ஸ்துதி' அந்தக் கூட்டங்களின் கடவுள் வாழ்த்தாகவே ஆகிவிட்ட கவிதை. கூட்டம் அதைக்கொண்டுதான் தொடங்கும். அதில் மரம் நஞ்சுண்ட சிவனாகிறது. மனிதன் கெடுத்த காற்றைக் குடித்து நமக்கு உயிர்க்காற்றைத் தருகிறது என்ற பள்ளிக்கூட விஞ்ஞானம், நீலகண்டன் என்ற படிமத்துக்குள் ஒரு நொடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விஞ்ஞானமும் கவிதையும் சேரும் இடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் காட்ட முடியாது. பாடப்புத்தகம் தொடாத கிழவிக்கும் புரியும். அந்தப் படிமத்தின் வேகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் படிமம் என்பது ஒன்றைக் காட்டும்போதே ஒன்றை மறைக்கவும் செய்கிறது. ஆலகாலம் உண்ட சிவன் சாவதில்லை. விஷம் கழுத்தில் நின்றுவிடும் என்பது நமக்கு முன்பே தெரிந்த கதை. மரத்தைச் சிவனாக்கிய கணத்தில் மரத்துக்குச் சாவு இல்லாமல் போய்விடுகிறது. காட்டைப் பற்றிய கவலையோ அது செத்துவிடும் என்ற கவலை. துதிக்கும் நாக்கும் பயப்படும் மனசும் வேறு வேறு திசையில் இழுக்கின்றன. இங்கே எனக்கு நினைவு வருவது சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966இல் வந்த நாவல். எந்த இயக்கத்துக்காகவும் எழுதப்பட்டதல்ல. அதிலும் மரத்துக்கு விஷம்தான். அந்தப் புளியமரம் விஷத்தால் சாகிறது. அது யாரையும் ரட்சிக்கவில்லை, யாரையும் சபிக்கவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றது, மனிதர்கள் தங்கள் கணக்குகளை அதன்மேல் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு மரம் இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை அந்த நாவலில்தான் நான் உணர்ந்தேன். அதைக் கொண்டு எந்தக் கூட்டத்தையும் தொடங்க முடியாது என்பதும் உண்மை.

இன்னொன்றும் கவனித்தேன். நான் படித்தவரையில் அந்தப் பாடல்களில் காடு தாயாக வருகிறது, பூமி சாகப்போகும் அன்னையாக வருகிறது. ஓ.என்.வி.யின் 'பூமிக்கொரு சரமகீதம்' பூமிக்கே முன்கூட்டிப் பாடிய ஒப்பாரி. தாய் என்ற சொல் வந்ததும் நாம் குழந்தைகளாகிவிடுகிறோம். பார்வை திரும்பவும் நம்மேலேயே விழுகிறது. ஒரு குறிப்பிட்ட கிளையில் குலேனியாக் காயைப் பிளந்துகொண்டிருக்கும் கரிய குரங்கு அந்தப் பெரிய சொல்லுக்கு அடியில் காணாமல் போகிறது. எதற்காகக் கேலிசெய்யப்பட்டார்களோ அந்தக் குரங்கைக் கவிஞர்கள் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் குறை.

விஞ்ஞானிகள் பார்த்தார்களா? இதே காலத்தில், 1979இல், பரிஷத் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இருக்கிறது. எம்.கே. பிரசாத், எம்.பி. பரமேஸ்வரன், கே.பி. கண்ணன் உட்பட ஐந்து பேர் எழுதியது. தாவரவியல்காரர், பொறியாளர், பொருளாதாரம் படித்தவர் என்று ஆளுக்கொரு துறை. மின்சாரம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. இந்த மின்சாரம் யாருக்கு, என்ன விலைக்கு, வேறு எந்த வழியில் கிடைக்கும் என்று வரி வரியாகக் கேட்கிறது. உபரியான ஒரு பெயரடை கிடையாது. ஸ்தூலமான பொருள், குரலை உயர்த்தாமை, வாசகனின் புத்தியை நம்புவது என்று நாம் புதுக்கவிதையிடம் எதிர்பார்த்த குணங்களை நான் அந்த வருஷங்களின் கவிதைகளைவிட இந்த அறிக்கையில்தான் அதிகம் கண்டேன். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கிறது.

ஆனால் விஞ்ஞானிகளும் ஓரிடத்தில் தங்கள் தைரியத்தை விட்டுவிட்டார்கள். காடு ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அது ஒரு மரபணுச் சேமிப்பு, அதிலுள்ள காட்டுப்பயிர்களின் இனங்கள் நாளை நம் பயிருக்கு நோய் வந்தால் உதவும், இன்னும் அறியாத மருந்துகள் இருக்கக்கூடும் என்ற பதில் முன்னுக்கு வந்தது. இவை பொய்யல்ல, மந்திரிகளிடம் பேச இந்த மொழிதான் செல்லும் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் அந்தக் குரங்கு அங்கே இருப்பதே அதற்குப் போதுமான காரணம் என்று, வருஷக்கணக்கில் அட்டைக்கடியோடு அதன் பின்னால் நடந்த ஒருவன் மனசில் நினைத்திருப்பான். அதைச் சொல்ல அவனுக்குச் சொல் இல்லை. சொல் இருந்தவர்கள் புராணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வை இருந்தவர்கள் வங்கிக் கணக்குப் பேசினார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுக்காமலேயே இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

இப்படி ஒரு கொடுக்கல்வாங்கல் நடக்கவே முடியாதா என்றால், நடந்த இடம் ஒன்று தெரியும். அது வெகுதொலைவில், கடலில். பெர்முடாத் தீவுப் பக்கம் அமெரிக்கக் கடற்படைக்கு வேலைசெய்த ஒரு பொறியாளர் நீருக்கடியில் பதிவுசெய்த திமிங்கலச் சத்தங்களை ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் ஆராய்ந்தார்கள். 1970இல் அது இசைத்தட்டாக வந்தது. 1971இல் 'சயன்ஸ்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை இந்தச் சத்தத்தைப் பாட்டு என்றே அழைத்தது, அலங்காரத்துக்காக அல்ல. ஒலிகள் சேர்ந்து ஒரு தொடராகின்றன, தொடர்கள் திரும்ப வந்து ஒரு கருவாகின்றன, கருக்கள் ஒரு வரிசையில் வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றன. இசைக்காரன் பயன்படுத்தும் சொற்கள் அங்கே அளவுகோல்களாக ஆயின. இசை படித்த கேட்டி பெய்ன், லிண்டா கினியோடு சேர்ந்து, 1988இல் இன்னும் ஒரு படி போனார். நீளமான, சிக்கலான பாட்டுகளில் எதுகை போன்ற ஒலி ஒப்புமைகள் வருகின்றன. ஞாபகம் வைத்துக்கொள்ள அவை திமிங்கலத்துக்கு உதவலாம் என்பது அவர்களது ஊகம். எதுகையும் மோனையும் ஏன் வந்தன என்று நாம் ஏட்டுக்காலத்தைக் காட்டிச் சொல்லும் விளக்கம் இதுவே அல்லவா? இங்கே கலை விஞ்ஞானத்துக்கு மேல்பூச்சாக வரவில்லை. கேட்கும் காதாக வந்தது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்திவைக்க 1982இல் சர்வதேசக் குழுமம் வாக்களித்ததற்கு இந்த ஒரு தட்டுதான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எதைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்று தெரிந்தே கூட்டத்தில் நின்றார்கள்.

திமிங்கலம் தானே பாடிவிட்டது, சோலைமந்திக்குப் பாட்டு இல்லையே என்று சொல்லலாம். உண்மை. அதனால்தான் எழுத்தாளனின் பொறுப்பு அங்கே கூடுகிறது. அந்தப் பொறுப்பை மலையாளத்தில் ஏற்ற ஒருவர் வைக்கம் முகமது பஷீர் என்று எனக்குப் படுகிறது. அவருடைய 'பூமியுடெ அவகாசிகள்' 1977இல் வந்தது. காட்டைப் பற்றிய கதையே அல்ல. ஒருவன் தென்னந்தோப்பு வாங்குகிறான். அங்கே ஏற்கனவே குடியிருக்கும் ஜீவராசிகள் பத்திரம் எழுதி வாங்கிய அவனைப் பொருட்படுத்துவதில்லை. வௌவால் இளநீர் குடித்துவிடுகிறது. கொன்றுபோடு என்று மனைவி சண்டை பிடிக்கிறாள். எல்லாவற்றுக்கும் பூமியில் பாத்தியதை உண்டு என்பவன் கணவன். யாரும் தெய்வமில்லை, யாரும் தாயில்லை. வௌவாலால் தேங்காய் நஷ்டம் என்பதையும் கதை மறைக்கவில்லை. மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நஷ்டத்துக்கு நடுவில் நின்றுதான் பாத்தியதையைப் பேச வேண்டும் என்று பஷீருக்குத் தெரிந்திருக்கிறது. மரபணுச் சேமிப்பு என்ற வாதம் தொடாத இடத்தை இந்தக் கதை தொடுகிறது.

என் நண்பரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். 1980க்குப் பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் கூட்டுக்குழு ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டு 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். சாலிம் அலியும் எம்.எஸ். சுவாமிநாதனும் பேசியிருக்காவிட்டாலும் தில்லி அசைந்திருக்காது. கவிஞர்கள் தெருவில் நின்றிருக்காவிட்டாலும் கேரளத்தில் இதைப் பேசவே பலருக்கு நா எழுந்திருக்காது. 89 சதுர கிலோமீட்டர் காடு நிற்கிறது. ஒரு படிமத்தின் தர்க்கம் சரியில்லை என்ற என் விமர்சனம் அந்தக் குரங்குக்கு எந்தவிதத்திலும் பொருட்டல்ல. அவர்கள் தெருவுக்குப் போனது சரி. இதை என் பழைய அணியின் வாதத்துக்கு எதிராகவே எழுதிவைக்கிறேன்.

ஆனாலும் ஒரு மனக்குறை மிஞ்சுகிறது, அது வெறும் ரசனைக்குறை அல்ல. ஒரு போராட்டம் ஜெயிப்பது வேறு. அதைப் பேசிய மொழி அடுத்த தலைமுறைக்கு உபயோகப்படுவது வேறு. மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் பற்றிய அறிக்கையை 2011 ஆகஸ்டில் ஒப்படைத்தது. அதை வெளியே விடவே 2012 மே வரை ஆயிற்று. ஆங்கில அறிக்கை. அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் அதைப் பற்றிய பயம் மலைக்கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சைலண்ட் வேலியைக் காப்பாற்றிய அதே கேரளத்தில் மலை விவசாயிகள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். காடு தாய், மரம் சிவன் என்ற பழைய மொழியில் அந்த விவசாயிக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவன் பயிர் வைக்கும் மலையில் யானைக்கு என்ன பாத்தியதை, அவனுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் கேள்வி. பஷீரின் தோப்புக்காரனும் அவன் மனைவியும் போட்ட சண்டை அது.

சில வருஷங்களுக்கு முன் நான் முக்காலியிலிருந்து ஜீப்பில் சைரந்திரி வரை போனேன், 23 கிலோமீட்டர். சில்வண்டுகள் இல்லாத காடு என்பதால்தான் வெள்ளைக்காரன் இப்படிப் பெயர் வைத்தான் என்று எல்லாப் புத்தகத்திலும் படித்திருந்தேன். நான் நின்ற மத்தியானத்தில் சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. வழிகாட்டிப் பையன் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டான். மௌனத்தைப் பற்றி எவ்வளவு எழுதிவிட்டோம் என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. சோலைமந்தி அன்று கண்ணில் படவில்லை.

நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1979ஆம் வருஷத்து அந்த ஐவர் அறிக்கையையும் பஷீரின் கதையையும் சேர்த்து ஒரே சிறு புத்தகமாகத் தமிழில் கொண்டுவர வேண்டும். கதைக்கு ஆள் கிடைப்பார்கள். அறிக்கையை, மின்சாரக் கணக்கோடும் தாவரப் பெயர்களோடும், ஒரு கவிதைக்குக் காட்டும் சிரத்தையோடு மொழிபெயர்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கவிஞர், ஒருவர் தாவரவியல் படித்தவர். குலேனியாவுக்கு மலைவாசிகளிடம் என்ன பெயர் என்பதிலிருந்து அவர்கள் சண்டை தொடங்கட்டும். என்னிடம் அறிக்கையின் நகல் ஒன்று இருக்கிறது.